மதியத்துக்கு மேல் மெதுவாகிற கை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ஊர்வலம். அவ்வளவு மெதுவாக நகர்வாராம். யார் வைத்தது என்று இப்போது கேட்டால் ஆளுக்கு ஒரு திசையில் கை காட்டுவார்கள். நான் வைக்கவில்லை. ஆனால் முதல் தடவை காதில் விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக என்னை யாரும் நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது.

எனக்கும் ஒரு பெயர் உண்டு. கடுகு. எதற்கெடுத்தாலும் படபடவென்று வெடிப்பேனாம். எங்கள் குழுவில் மொத்தம் பதின்மூன்று பேர். நான் தலைவன். நாலாவது மாடியில், திறக்கவே முடியாத ஜன்னல்கள் உள்ள ஒரு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீரில் கம்பளம் ஒரு மூலையில் எப்போதும் ஊறிக்கிடக்கும். காலையில் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு நாற்றம் முகத்தில் அறையும். கீபோர்டுகளுக்கு இடையில் யார் யாரோ தின்ற பிஸ்கட் தூள். இதையெல்லாம் விட எனக்குப் பிடிக்காதது சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவிதான். யார் அன்றைக்கு எத்தனை ஃபைல் முடித்தார்கள் என்று அதில் வரிசையாக ஓடும். கடைசியில் இருப்பவர் பெயர் சிவப்பில். நாலு மாதமாக அந்தச் சிவப்பு அவருடையது.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. ஒல்லியான உடம்பு, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, எழுதுவதற்கு எப்போதும் பென்சில். பெரிய நிறுவனம் ஒன்றில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர், அப்பா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டு எட்டு வருடம் அவரைப் பார்த்துக்கொண்டார். அப்பா போன பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தார். முதல் நாளே என்னைத் "தம்பி" என்று கூப்பிட்டார். தலைவனைத் தம்பி என்பதா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு. என்னைவிட எட்டு வயது மூத்தவரிடம் என்ன சொல்வது? சகித்துக்கொண்டேன்.

அவரிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. வேலைக்கு நடுவில் சட்டென்று நிறுத்துவார். வலது கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோய், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரிப்பார். இருபது தடவை. பிறகு இடது கை. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவேன். வேலையை விட்டுவிட்டு என்ன விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு மின்சாரக் கம்பெனி தன் மீட்டர் அளவுகளை ஃபைல் ஃபைலாக அனுப்பும். சோதிக்கிற புரோகிராம் ஒன்றை அதன் மேல் ஓட்டினால் ஆயிரக்கணக்கில் வரிகளைக் கக்கும். அதில் சிவப்பாக வருகிற வரிகள் தப்பு. அதைத் திருத்தி மறுபடி ஓட்ட வேண்டும். எல்லாமே எடிட்டருக்குள். எடிட்டர் என்றால் நாங்கள் புரோகிராம் எழுதுகிற மென்பொருள். அதன் கீழ்ப்பாதியில் டெர்மினல் என்று ஒரு கறுப்புக் கட்டம் இருக்கும், அதில்தான் கட்டளைகளை அடிப்போம். அடித்த ஒவ்வொரு வரியும் அழியாமல் அங்கேயே பதிவாகி இருக்க வேண்டும், சாயங்காலம்வரை அதை மூடக் கூடாது என்பது மின்சாரக் கம்பெனியின் கண்டிப்பான விதி.

அந்த விதியைக் குழுவில் ஒரே ஒருவர்தான் கடைப்பிடித்தார்.

மற்ற பன்னிரண்டு பேரும், என்னையும் சேர்த்துத்தான், எடிட்டருக்கு வெளியே தனியாக ஒரு டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் வேலையை முடிப்போம். சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் அன்றைய கட்டளைகளையெல்லாம் அள்ளி எடிட்டருக்குள் ஒட்டிவிடுவோம். பதிவும் ஆயிற்று, விதியும் ஆயிற்று. காரணம் ஒன்றுதான்: எடிட்டருக்குள் இருக்கிற டெர்மினல் போகப் போக இழுத்துக்கொண்டு கிடக்கும். ஏன் என்று யாரும் பார்த்ததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு யாராவது டீ குடிக்கிற இடத்தில் காதோடு காதாகச் சொல்லிவிடுவார்கள். இவர் டீ குடிக்க வருவதில்லை. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். நினைத்துக்கொண்டோம் என்பதுகூடப் பொய். நினைக்கவே இல்லை.

முதல் பத்து மாதம் சின்ன ஃபைல்களாக வந்துகொண்டிருந்ததால் அவர் எப்படியோ சமாளித்தார். அதன் பிறகு பெரிய பெரிய ஃபைல்கள் வர ஆரம்பித்தன. டிவியில் அவர் பெயர் கீழே இறங்கி இறங்கிச் சிவப்பில் போய் நின்றது. காலையில் சரியாகத்தான் இருப்பார். சாப்பாட்டு நேரம் தாண்டினால் ஒரு கட்டளை அடிக்கவே யுகம் ஆகும். "சாப்பிட்டதும் தூக்கம் வந்துடுதோ என்னமோ" என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, மற்றவர்கள் கொட்டாவி விட்டுக் காட்டினார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவரை அவர் மூன்று தடவை கூப்பிட்டார். அந்த ஆள் வந்ததும் செய்கிற முதல் வேலை, அணைத்துவிட்டு மறுபடி போடுவது. போட்டுவிட்டு நாலு எழுத்து அடிப்பார். மழை மாதிரி கொட்டும். "மேடம், மிஷின் அருமையா இருக்கு. எல்லாருக்கும் இதே மிஷின்தான், இதே செட்டிங்ஸ்தான். அவங்களுக்கெல்லாம் ஓடுது, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கூடமே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். மூன்றாவது தடவை அவர் எழுந்து நின்று அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டார். நான் என் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, மிஷின் இல்ல. என் கைதான்."

"என்னக்கா சொல்றீங்க?"

"எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. டம்ளரை எடுங்கப்பான்னா, எடுத்துட்டேன்மான்னு சொல்லுவார். டம்ளர் அப்படியே இருக்கும். கை அசைஞ்சிருக்காது. ஆனா அசைஞ்சதா அவர் சத்தியம் பண்ணுவார். நானும் பொத்தானை அழுத்திட்டேன்னுதான் நினைக்கறேன். எழுத்து வரல. கொஞ்ச நேரம் கழிச்சு வருது. அப்ப நான் அழுத்தினதே அப்பதானே?"

எனக்கு அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது. "டாக்டரைப் பாருங்க, ரெஸ்ட் எடுங்க" என்று எதையோ உளறிவிட்டு இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போய்விட்டேன். மறுநாள், வருடாந்தர அறிக்கையில் அவர் பெயருக்கு நேராக நானே எழுதினேன்: "வேகம் போதாது. மதியத்துக்கு மேல் கவனம் சிதறுகிறது. உடல்நிலை காரணமாக இருக்கலாம்." படிக்கட்டில் அந்த மனுஷி நம்பிச் சொன்னதை அப்படியே எடுத்து அறிக்கையில் போட்டுவிட்டேன். இதைவிடக் கேவலமாக ஒருவன் என்ன செய்ய முடியும் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன்.

எங்கள் மேலாளருக்கு அந்தக் கடைசி வாக்கியம் வெல்லமாக இனித்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் ஆட்களை வெளியே அனுப்புவார். பல் தெரியச் சிரித்தால் யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம். ஒரு கடிதத்தை அவரே தயார் செய்தார்: உடல்நிலை காரணமாகப் பணியைத் தொடர இயலவில்லை, என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வாங்கிடுங்க. அவங்களே போறதா இருந்தா அவங்களுக்கும் மரியாதை, நமக்கும் தலைவலி இல்ல."

புதன்கிழமை அக்கா நரம்பு டாக்டரிடம் போக விடுப்பு எடுத்திருந்தார். நான் கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே போனேன். வெள்ளிவரை அதைச் சுமந்துகொண்டு திரிய எனக்குப் பொறுமை இல்லை.

குறுகலான தெரு. கீழே பூட்டு ரிப்பேர் கடை, மேலே அவர்கள் வீடு. அவருடைய தங்கைதான் கதவைத் திறந்தார். தையல் வேலை செய்கிறவர். வாயில் இரண்டு குண்டூசி, கழுத்தில் அளவு நாடா. நான் யார் என்று சொன்னதும் குண்டூசிகளை எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா, உங்க ஆபீஸ்லேர்ந்து" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாரே தவிர, உட்காரச் சொல்லவில்லை.

முன்னறையில் சுவர் நெடுக இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக் கம்பி ஓடியது. அவர்களுடைய அப்பா பிடித்துக்கொண்டு நடக்கப் போட்டது. கழற்றாமல் வைத்திருந்தார்கள். பாத்திர அலமாரியில் ஒரு ஸ்பூனின் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கி வைத்திருந்தது. அதையும் தூக்கிப் போடவில்லை. இன்னும் தேவைப்படும் என்று வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

அக்கா வந்து உட்கார்ந்தார். உறையைப் பிரித்துப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாருக்கா?"

"இப்பவே சொல்ல முடியாதாம். ஆறு மாசம் பார்க்கலாம்னார். விரலைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கச் சொல்லியிருக்கார், போன தடவையே. குறையுதான்னு." சிரித்தார். "நல்ல பேனா இருக்கா தம்பி? என்கிட்ட பென்சில்தான்."

தங்கை பொறுக்க முடியாமல் வெடித்தார். "எதுக்குக்கா அவசரம்? நீ எழுதி வச்சிருக்கியே நோட்டு, அதை இவர்கிட்ட காட்டு முதல்ல. டாக்டருக்கு எடுத்துட்டுப் போனியே, அவர் திறந்தே பார்க்கலைன்னியே. இவராவது பார்க்கட்டும். தலைவர்தானே? பொழுதன்னிக்கும் என்ன பார்க்கறாராம்?"

நாற்பது பக்க நோட்டு. நாலு மாதம். ஒவ்வொரு நாளும் பென்சிலில், அச்சடித்த மாதிரி எழுத்து. ஒரு எழுத்தை அழுத்தியதிலிருந்து அது திரையில் தெரிகிறவரை மனதுக்குள் எண்ணி எழுதியிருந்தார். ஒன்பதேகால், தாமதம் இல்லை. பதினொன்றரை, ஒன்று. ஒரு மணி, இரண்டு. நாலு மணி, நாலு. மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும். நான் ஏனோதானோ என்று புரட்டிக்கொண்டு போனேன். ஒரு பக்கத்தில் கை நின்றது.

"செவ்வாய். ஒரு மணி, இரண்டு. இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது. இரண்டு நாற்பதுக்கு வந்தது. தாமதம் இல்லை. ஓய்வு எடுத்ததாலா?"

பின்னால் புரட்டினேன். "வியாழன். மூன்று மணி, மூன்று. பழுதுபார்க்கிறவர் வந்தார். தாமதம் இல்லை. வெட்கமாக இருந்தது." அப்படி மூன்று இடம். மூன்றிலும் அதே வெட்கம் எழுதியிருந்தது.

கரண்ட் போய் வந்தால் குணமாகிற நரம்பு நோய் உலகத்தில் உண்டா? கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிற கை யாருக்காவது இருக்கிறதா? நாலு மாதமாக ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு எங்கள் எடிட்டரைப் பற்றி எழுதியிருந்தார். அந்த டெர்மினல் இழுக்கும் என்று ஆறு வருடமாகத் தெரிந்த ஒருவன் எதிரே உட்கார்ந்து கையெழுத்துக்குப் பேனா நீட்டிக்கொண்டிருந்தான்.

பேனாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "இப்ப கையெழுத்து வேண்டாம்க்கா. நாளைக்கு ஒரு நாள் லீவு போடுங்க. உங்க சீட்ல நான் உட்கார்றேன்."

"எதுக்கு தம்பி?"

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். "ஒண்ணு பார்க்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை அவர் இடத்தில் உட்கார்ந்தேன். கூடத்திலேயே சுத்தமான மேஜை அதுதான். வேண்டுமென்றே எடிட்டருக்குள் இருக்கிற டெர்மினலிலேயே வேலை செய்தேன், விதிப்படி, ஆறு வருடத்தில் முதல் தடவையாக. பெரிய ஃபைலை எடுத்துப் பத்துத் தடவை சோதனையை ஓட்டினேன். வரிகள் குவிந்தன. பிறகு ஒரு எழுத்தை அடித்தேன். ஒன்று, இரண்டு. வந்தது. இன்னொன்று. ஒன்று, இரண்டு, மூன்று. என் விரல் பொத்தானின் மேல் இருக்கிறது, அழுத்திய சத்தம்கூடக் கேட்டது, திரையில் ஒன்றும் இல்லை. என் கையையே நான் ஒரு தடவை குனிந்து பார்த்தேன். பத்து நிமிடத்துக்கே அப்படி என்றால் நாலு மாதம் எப்படி இருந்திருக்கும்?

வெளியே தனி டெர்மினலைத் திறந்து அதே பத்துத் தடவை ஓட்டினேன். எழுத்து கையோடு வந்தது. அப்படியானால் தப்பு மிஷினில் இல்லை, கீபோர்டில் இல்லை. எடிட்டரை மூடி, எங்கள் செட்டிங்ஸ் எதுவும் இல்லாமல் வெறுமையாகத் திறந்து மறுபடி பத்துத் தடவை. அப்போதும் கையோடு வந்தது. எடிட்டரிலும் இல்லை. மிச்சம் இருப்பது எங்கள் செட்டிங்ஸ் ஃபைல் ஒன்றுதான்.

அந்தக் கண்றாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் யாரும் சொந்தமாகச் செட்டிங்ஸ் வைத்துக்கொள்ள மாட்டார்கள். புதிதாக வருகிறவருக்குப் பக்கத்து சீட்காரர் தன்னுடையதை அப்படியே கொடுப்பார். எல்லோரும் அதில் சேர்ப்பார்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். மூவாயிரத்து இருநூறு வரி. எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களின் அழுக்கெல்லாம் அதற்குள் படிந்து கிடந்தது. "இதைத் தொடாதே, ஏன் என்று கேட்காதே" என்று ஒரு குறிப்பு. "மேலே உள்ளது வேலை செய்யவில்லை, கீழே உள்ளதும்" என்று இன்னொன்று. மாதக்கணக்காகக் கழுவாத தொட்டி அடைப்பில் கை விடுகிற மாதிரி இருந்தது.

பாதியை வெட்டினேன். எடிட்டரைத் திறந்து, பத்துத் தடவை சோதனையை ஓட்டி, ஒரு எழுத்து அடித்து எண்ணினேன். இன்னும் இழுத்தது. மிச்சத்தில் பாதியை வெட்டினேன். மறுபடி ஓட்டு, மறுபடி எண்ணு. ஒவ்வொரு சுற்றுக்கும் இருபது நிமிடம். புதிதாகத் திறந்ததும் அடித்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். பழுதுபார்க்கிறவர் மூன்று தடவையும் ஏமாந்தது அதனால்தான். குப்பை சேரும்வரை காத்திருந்தால்தான் நோய் வெளியே வரும். காத்திருந்தது அவர் ஒருவர் மட்டும்தான்.

ஆயிரத்து அறுநூறு. எண்ணூறு. நானூறு. பின்வரிசையிலிருந்து "என்ன தலைவரே, ஊர்வலத்துல சேர்ந்துட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். மூன்று மணிக்குப் பன்னிரண்டு வரிகள் மிஞ்சின. படித்தேன்.

தப்பான வரிகளைச் சிவப்பாக்குகிற விதி அது. டெர்மினலில் ஒரே ஒரு எழுத்து புதிதாக வந்தாலும், அந்த எழுத்தை மட்டும் பார்க்காமல், காலையிலிருந்து குவிந்த அத்தனை ஆயிரம் வரிகளையும் முதலிலிருந்து கடைசிவரை மறுபடி படித்துவிட்டுத்தான் அடுத்த எழுத்தை விடும். காலையில் படிக்க ஒன்றும் இருக்காது. நாலு மணிக்கு ஒரு லட்சம் வரி இருக்கும். எந்த மடையன் இப்படி எழுதினான் என்று வாய்விட்டே சொன்னேன். தலைப்பில் இருந்த குறிப்பை அப்புறம்தான் பார்த்தேன்.

"தற்காலிகம். அடுத்த வாரம் சரிசெய்யணும். கடுகு." தேதி, ஆறு வருடத்துக்கு முந்தையது.

ஞாபகம் வந்தது. மேலாளர் அவசரப்படுத்தினார், அரை மணியில் கிறுக்கினேன். அடுத்த வாரம் அது இழுத்தது, தனி டெர்மினலைத் திறந்துகொண்டேன். என்னைப் பார்த்துப் பக்கத்து சீட்காரன், அவனைப் பார்த்து அடுத்தவன். விதியை மீறுகிற பழக்கத்தையும் நான்தான் ஆரம்பித்து வைத்திருக்கிறேன்.

அடுத்து நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பன்னிரண்டு வரிகளைத் திருத்துவதற்கு முன்னால், குறிப்பில் இருந்த என் பெயரை அழித்தேன். முதல் காரியமாக அதைத்தான் என் கை செய்தது, ஒரு நொடித் தாமதம்கூட இல்லாமல். அழித்துவிட்டு அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப அடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அறையில் மூன்று பேர் இருந்தோம். அக்கா கடிதத்தோடு வந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மேலாளர் சிரித்தார்.

"சரி பண்ணிட்டீங்க இல்ல, அதோட விடுங்க. யார் எழுதினது, எப்ப எழுதினது, எவ்வளவு பேர் வெளியில வச்சு வேலை செய்யறாங்க, இதெல்லாம் அந்தக் கம்பெனி காதுக்குப் போனா எல்லாருக்கும்தான் கஷ்டம். மேடமும் மனசளவுல தயாராதான் வந்திருக்காங்க. உடம்புன்னு ஒரு காரணம் இருக்கு, கௌரவமா இருக்கு. எதுக்குக் கிளறணும்?"

ஈரக் கம்பள நாற்றம் அந்த அறைக்குள்ளும் வந்துகொண்டிருந்தது. அவரைப் போலத்தானே நானும் நேற்று மூன்று மணிக்கு யோசித்தேன் என்று நினைத்தபோது அவருடைய சிரிப்பு எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"அந்த வரியை எழுதினது நான்தான்" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னேன். "உங்க கைக்கு ஒண்ணும் இல்லக்கா."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "மத்தவங்க எல்லாரும் வெளியில தனியாவா அடிக்கறீங்க?"

"ஆமா."

"எல்லாருக்கும் தெரியுமா, உள்ள அடிச்சா இழுக்கும்னு?"

"தெரியும்."

"நான் படிக்கட்டுல வச்சு உங்ககிட்ட சொன்னேனே. அப்பவும் தெரியும்?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. "தெரியும்க்கா. தோணல."

"நாலு மாசமா என் கையைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பா இருந்துது," என்றார். "அப்பாவுக்குச் சோறு ஊட்டின கை இது. தங்கச்சிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், நான் படுத்தா என்னை வீட்டுல வச்சிக்காதேன்னு. அவ ராத்திரியெல்லாம் அழுதா." கடிதத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். மேலாளர் கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

கதவருகில் போய்த் திரும்பினார். "நான் இன்னிக்கு லீவு. வீட்டுல போய்ச் சொல்லணும். திங்கக்கிழமை வர்றேன், சார்."

அந்தச் "சார்" எனக்கு. மேலாளருக்கு இல்லை.

அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதினேன். யார் வரி, எந்த வருடம், பன்னிரண்டு பேர் செய்த ஏமாற்று, நான் எழுதிய அறிக்கை எந்தளவுக்குப் பொய். மேலாளருக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் மின்சாரக் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். ஒரு வாரம் பெரிய கூச்சல். என்னைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். மற்ற பதினோரு பேரும் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். பதிவு அழியாமல் இருக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. இப்போது எல்லோரும் உள்ளேதான் அடிக்கிறோம், எழுத்து கையோடு வருகிறது. அந்த வரிகளைச் சரிசெய்ய எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது தெரியுமா? பதினைந்து நிமிடம்.

டிவியை மட்டும் யாரும் கழற்றவில்லை. அதில் அவர் பெயர் இப்போது மேலிருந்து இரண்டாவதோ மூன்றாவதோ ஓடுகிறது. ஊர்வலம் என்ற பேச்சையே காணோம். அப்படி ஒரு பெயர் இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. நரம்பு டாக்டர் போன மாதம் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. தங்கை வந்து கூடத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தபோது தெரிந்துகொண்டேன். எனக்கும் ஒன்று நீட்டினார், முகத்தைப் பார்க்காமல்.

நான் இப்போது அவருக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். நேற்று மதியம் மூன்று மணி இருக்கும். அவர் கட்டளை ஒன்றை அடித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். வலது கை மேஜைக்கு அடியில் போனது. கட்டை விரல், ஆள்காட்டி விரல். என்னையறியாமல் நானும் கூடவே எண்ணிவிட்டேன். இருபது. பிறகு இடது கை.

பேசாமல் இருந்திருக்கலாம். "அக்கா, டாக்டர்தான் ஒண்ணும் இல்லைன்னுட்டாரே" என்றேன்.

அவர் தலையைத் திருப்பவில்லை. "சொன்னாங்க, சார்," என்றார். "நானே பார்த்துக்கறேன்."